ஒரே நாளில் ஏன் முடியாது? கார் நிக்கோபாரிலிருந்து பார்க்கும் கதிர்வீச்சுச் சிகிச்சையின் வரலாறு

இது சற்று நீண்ட பதிவு. மருத்துவ வரலாற்றை ஆய்வுப் பொருளாகக் கொண்டவன் என்ற முறையில், சில ஆண்டுகளாக என் குறிப்பேட்டில் கிடந்த ஒரு கேள்வியை இங்கே விரித்து எழுதுகிறேன். கேள்வி என்னுடையது அன்று. கார் நிக்கோபாரிலிருந்து வந்த ஒரு மூதாட்டியுடையது.

உறவினர் ஒருவருக்குத் துணையாகச் சென்னையில் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவில் நாள்தோறும் காத்திருந்த நாள்கள் அவை. காத்திருப்புக் கூடத்தில் எங்களுக்கு அடுத்த இருக்கையில் அந்த அம்மா அமர்ந்திருப்பார். கன்னத்தின் உட்புறத்தில் புற்று. உடன் வந்திருந்தவர் அவருடைய தங்கை மகன். அந்தமானில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்ததால் தமிழ் நன்றாகவே பேசினார். ஒரு நாள் அந்த அம்மா தம் மொழியில் ஏதோ சொல்ல, இளைஞர் சிரித்துக்கொண்டே என்னிடம் மொழிபெயர்த்தார்: "அண்ணா, இவ்வளவு கடல் தாண்டி வந்தாயிற்று, கொடுக்க வேண்டியதை எல்லாம் ஒரே நாளில் கொடுத்து அனுப்பிவிடக் கூடாதா என்று பெரியம்மா கேட்கிறார்கள். உள்ளே கேட்டோம். அப்படியெல்லாம் முடியாது என்று மட்டும் சொன்னார்கள்."

நானும் அன்று சரியான விடை சொல்லவில்லை. ஆனால் பிற்பாடு நூல்களைப் புரட்டியபோது ஒன்று விளங்கியது. கதிர்வீச்சுச் சிகிச்சையின் நூற்றாண்டு வரலாற்றில் மிக நீண்ட காலம் விவாதிக்கப்பட்ட கேள்வியே அதுதான். மருத்துவர்களும் இயற்பியலாளர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட அதே கேள்வியைத்தான் அந்த அம்மாவும் கேட்டார். அதற்குக் கிடைத்த விடை நோயாளியின் உடலில் எவ்வளவு கதிர் பாய வேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கவில்லை. எத்தனை வாரம் அவர் வீட்டை விட்டு விலகியிருக்க வேண்டும் என்பதையும் தீர்மானித்தது. இந்தப் பதிவு சொல்ல விரும்புவது இவ்வளவே: கதிர்வீச்சுச் சிகிச்சையின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். மீதிப் பாதி காலத்தின் வரலாறு, தூரத்தின் வரலாறு.

முதலில் சொல்லிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சைக்கு நோயாளிகள் வைத்திருக்கும் பெயர் 'கரண்ட் வைப்பது'. சிலர் 'லைட் வைப்பது' என்பார்கள். படித்தவர்கள் இதைக் கேட்டுப் புன்னகைப்பதுண்டு. வரலாற்றின் நோக்கில் அந்தச் சொல் அவ்வளவு பிழையானதன்று. தொடக்ககால எக்ஸ் கதிர்க் குழாய்கள் உயர் மின்னழுத்தத்தால் இயங்கியவை. மின்சாரம் பாயும் ஓசையும் பொறியும் நோயாளியின் கண்ணெதிரே நிகழ்ந்தன. இன்றைய நேரியல் முடுக்கியும் மின்சாரத்தைக் கொண்டே எலக்ட்ரான்களை விரைவுபடுத்தி எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது. தவறு ஓரிடத்தில்தான் நேர்கிறது. 'கரண்ட்' என்ற சொல், உடலில் மின்சாரம் பாய்வதாகவும் அது உடலிலேயே தங்கிவிடுவதாகவும் ஓர் அச்சத்தைத் தருகிறது. வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர் உடலில் தங்குவதில்லை. கருவி நின்ற கணமே கதிரும் நின்றுவிடும். சிகிச்சை முடித்துத் திரும்பும் பாட்டியைப் பேரக் குழந்தை கட்டிக்கொள்வதில் எந்தத் தீங்கும் இல்லை. இந்த ஒரு செய்தி தெரியாமையால் தனித்தட்டும் தனிப்பாயும் ஒதுக்கப்பட்ட வீடுகள் நம்மிடையே உண்டு.

இனி வரலாறு. 1895 நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே வியன்னாவில் லியோபோல்ட் பிராய்ண்ட் என்ற மருத்துவர், முதுகில் உரோமம் அடர்ந்த மச்சம் கொண்டிருந்த ஒரு சிறுமிக்கு இக்கதிரைச் சிகிச்சையாகப் பயன்படுத்தினார். 1898-இல் மேரி கியூரியும் பியேர் கியூரியும் ரேடியத்தைக் கண்டறிந்தனர். ரேடியம் அடங்கிய சிறு குழாயைச் சட்டைப் பையில் வைத்துச் சென்ற ஆன்ரி பெக்கரலின் தோலில் புண் உண்டானது. பியேர் கியூரியோ வேண்டுமென்றே தம் கையில் ரேடியத்தை வைத்துப் புண் உண்டாக்கி, அது ஆறும் விதத்தைக் குறித்து வைத்தார். நல்ல தோலைச் சுடும் பொருள் கெட்ட சதையையும் சுடும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கார் நிக்கோபாரில் வேறொரு வரலாறு தொடங்கிக்கொண்டிருந்தது. தம் மொழியில் அத்தீவினர் தங்கள் நிலத்தைப் 'பூ' என்று அழைக்கிறார்கள். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நிக்கோபாரை மாநக்கவாரம் என்று குறிக்கிறது. 1890-களின் நடுவில் அத்தீவின் மூஸ் கிராமத்தில் வேதப்பன் சாலமன் என்ற தமிழர் அரசின் முகவராகவும் சமயப் பணியாளராகவும் வந்து தங்கிப் பள்ளி ஒன்றை நடத்தினார். அவரிடம் பயின்ற தீவுச் சிறுவன்தான் பிற்காலத்தில் ஆயராகவும், 1952-இல் இந்திய நாடாளுமன்றத்தில் அந்தமான் நிக்கோபாரின் முதல் உறுப்பினராகவும் ஆன ஜான் ரிச்சர்ட்சன். இன்று கார் நிக்கோபாரின் மாவட்ட மருத்துவமனை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தமிழ் பேசும் நாம் அத்தீவை எங்கோ இருக்கும் அயல்நிலமாக எண்ணத் தேவையில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

கதிரின் கதைக்குத் திரும்புவோம். முதல் இருபது ஆண்டுகளில் மருத்துவர்கள் பலர் அந்த மூதாட்டியின் விருப்பப்படியே நடந்தார்கள். இயன்ற அளவை ஒரே அமர்விலோ ஓரிரு அமர்வுகளிலோ கொடுத்து முடித்தார்கள். கதிரின் அளவை அளக்க நம்பகமான அலகு அப்போது இல்லை. தோல் சிவக்கும் அளவே அலகாக இருந்தது. புற்று கரைந்தது உண்மை. ஆனால் அதன் மேலிருந்த தோலும் சதையும் எலும்பும் சேர்ந்து அழிந்தன. புற்று பல வேளைகளில் திரும்பி வந்தது; அழிந்த சதை திரும்பவில்லை. கருவியை இயக்கியவர்களும் தப்பவில்லை. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டேலி கைகளை இழந்து 1904-இல் உயிரையும் இழந்தார். இவ்வாறு மாண்டவர்களின் பெயர்களைப் பொறித்த நினைவுத் தூண் ஒன்று 1936-இல் ஹாம்பர்க் நகர மருத்துவமனையில் நிறுவப்பட்டது.

திருப்பம் பாரிஸ் நகரின் ரேடியம் நிறுவனத்தில் நேர்ந்தது. அங்கு உயிரியல் பிரிவின் தலைவராக இருந்தவர் குளோத் ரெகோ. அவர் ஆட்டுக்கடாக்களின் விரைகளில் ஆய்வு செய்தார். விந்தணுவை உண்டாக்கும் செல்கள் இடைவிடாது பெருகுபவை; அவ்வகையில் அவை புற்றுச் செல்களை ஒத்தவை. ஒரே தவணையில் கதிர் கொடுத்துக் கடாவை மலடாக்க முயன்றால் மேல்தோல் வெந்து அழிந்தது. அதே கதிரைப் பல நாள்களில் சிறுகச் சிறுகப் பிரித்துக் கொடுத்தால் கடா மலடானது, தோல் பெருமளவு தப்பியது. ரெகோ இதிலிருந்து பெற்ற முடிவு எளிமையானது. விரைந்து பெருகும் செல்லுக்கும், மெல்லப் பெருகித் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும் செல்லுக்கும் இடையிலான வேறுபாட்டைக் காலம் பெரிதாக்கிக் காட்டுகிறது. அந்நிறுவனத்திலேயே பணியாற்றிய ஆன்ரி குட்டார் இம்முறையைத் தொண்டைப் புற்று நோயாளிகளிடம் கையாண்டார். 1922-இல் பாரிஸில் நடந்த மாநாட்டில், முற்றிய குரல்வளைப் புற்றையும் பெருங்கேடின்றிக் குணப்படுத்த முடியும் என்று அவர் தம் நோயாளிகளைக் கொண்டு காட்டினார்.

இதன் உயிரியல் விளக்கம் பின்னரே தெளிவுபட்டது. கதிர் செல்லைச் சுட்டுச் சாம்பலாக்குவதில்லை. செல்லின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. நல்ல செல் சில மணி நேரத்தில் அந்த அறுப்பில் பெரும்பகுதியைத் தைத்துக்கொள்கிறது. புற்றுச் செல் பெரும்பாலும் அத்தனை திறமையாகத் தைக்க இயலாமல், அடுத்துப் பிளவுறும் முயற்சியில் மடிகிறது. புற்றுக்கட்டியின் நடுவே ஆக்சிசன் குறைந்த பகுதிகள் உண்டு; அங்குள்ள செல்கள் கதிருக்கு எளிதில் மசிவதில்லை. சில தவணைகளில் கட்டி சுருங்கினால் அங்கும் ஆக்சிசன் எட்டும்; அடுத்த தவணை அங்கே வேலை செய்யும். இன்று கதிரின் அளவு 'கிரே' என்ற அலகில் குறிக்கப்படுகிறது. ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் சேர்ந்தால் அது ஒரு கிரே. வாய், தொண்டைப் புற்றுகளுக்கு நாளுக்கு 2 கிரே வீதம், வாரம் 5 நாள், மொத்தம் 60 முதல் 70 கிரே என்பது நெடுங்கால வழக்கம். கணக்கிட்டால் 30 முதல் 35 தவணைகள். 6 அல்லது 7 வாரங்கள். ஒவ்வொரு தவணையிலும் கதிர் பாயும் நேரமோ சில நிமிடங்களே.

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். ரெகோவின் கண்டுபிடிப்பு மனித குலத்துக்குப் பெரும் கொடை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒரு புதிய நிபந்தனையையும் கொண்டுவந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவர் மருத்துவமனைக்கு ஒருமுறை வந்து, காயம் ஆறியதும் திரும்பலாம். மாத்திரை உண்பவர் அதை வீட்டுக்கே எடுத்துச் செல்லலாம். கதிர்வீச்சு பெறுபவர் மட்டும் சில நிமிடச் சிகிச்சைக்காக ஒன்றரை மாதம் கருவிக்கு அருகிலேயே குடியிருக்க வேண்டும். பாரிஸ் நகரவாசிக்கு அது ஒரு தொல்லை. தொலைவில் வாழ்பவருக்கோ சிகிச்சையை ஏற்பதா விடுவதா என்பதையே அது முடிவு செய்யும்.

தமிழ்நாட்டில் இச்சிகிச்சை வேரூன்றியது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில். கேப்டன் டி. டபிள்யூ. பர்னார்டின் முயற்சியால் 1934-இல் அங்கே பர்னார்டு கதிரியல் நிறுவனம் திறக்கப்பட்டது. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941 பிப்ரவரியில் தொடங்கியது. கல்கத்தாவின் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரியில் மேரி கியூரியின் மகள் இரேன் ஜோலியோ கியூரி திறந்து வைத்தார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நெடுநாள் நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள்.

கனடாவில் 1951-இல் முதன்முதலாக நோயாளிகளுக்குப் பயன்பட்ட கோபால்ட் 60 கருவி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அடையாறுக்கு வந்துவிட்டது. 1976-இல் நாட்டின் முதல் நேரியல் முடுக்கியும் அங்கேயே நிறுவப்பட்டது. கோபால்ட் வருமுன் எக்ஸ் கதிரின் முழு வேகத்தையும் தோலே தாங்க வேண்டியிருந்தது. கோபால்ட்டின் காமா கதிர் தோலுக்குச் சற்று அடியில்தான் முழு வலிமை பெறுகிறது. எனவே உடலின் உள்ளே இருந்த கருப்பைவாய்ப் புற்று போன்றவற்றை எட்டுவது எளிதாயிற்று. நம் நாட்டுப் பெண்களைப் பொறுத்தவரை இது சிறிய மாற்றமன்று.

இந்தப் பட்டியலைப் பாருங்கள். சென்னை, பம்பாய், கல்கத்தா. மூன்றும் பழைய மாகாணத் தலைநகரங்கள், மூன்றும் துறைமுகங்கள். கருவிகள் கப்பலில் வந்து இறங்கிய ஊர்களிலேயே தங்கின. கருவி இருக்கும் இடத்துக்கு மக்கள் வர வேண்டியதாயிற்று. ஆகவே கருவியின் வரலாற்றுக்கு இணையாகத் தங்குமிடத்தின் வரலாறு ஒன்றும் வளர்ந்தது. பம்பாயின் தாதரில் உள்ள காட்கே மகாராஜ் தர்மசாலை, டாட்டா மருத்துவமனைக்கு வரும் வெளியூர் நோயாளிகளுக்கு நெடுங்காலமாகப் புகலிடம். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் அவருடைய துணையாளருக்கும் இரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. இவற்றை நாம் தொண்டு என்றும் சலுகை என்றும் அழைக்கிறோம். உண்மையில் இவை சிகிச்சையின் உறுப்புகள். 35 தவணைகளையும் இடையறாது முடிப்பதே மருந்தின் பாதி என்னும்போது, ஏழு வாரமும் படுக்க ஓரிடம் கொடுப்பவரும் மருத்துவத்தில் பங்குகொள்கிறார். இடையில் நிறுத்திவிட்டால் எஞ்சிய புற்றுச் செல்கள் முன்னைவிட விரைந்து பெருகும் என்பது நிறுவப்பட்ட உண்மை.

ஆனால் கடலில் தண்டவாளம் இல்லை. கார் நிக்கோபார் சுமார் 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, தட்டையான பவளத் தீவு. 2011 கணக்கெடுப்பின்படி அங்கு 17,841 பேர் வாழ்ந்தார்கள். அங்கிருந்து போர்ட் பிளேர், இன்றைய ஸ்ரீ விஜயபுரம், சுமார் 270 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் பயணம். ஹெலிகாப்டரும் விமானமும் உண்டு. இடம் கிடைப்பதும் வானம் ஒத்துழைப்பதும் வேறு செய்தி. பல பத்தாண்டுகளாகத் தீவுகளின் நோயாளிகள் கதிர்வீச்சுக்காகச் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் அனுப்பப்பட்டே வந்திருக்கிறார்கள். தீவு நிருவாகத்தின் காப்பீட்டுத் திட்டம் செலவின் பெரும்பகுதியை ஏற்கலாம். கழிந்த வாரங்களை எந்தத் திட்டமும் ஏற்க இயலாது.

அந்த வாரங்களின் பொருள் என்ன? கார் நிக்கோபாரில் வாழ்வின் அடிப்படை அலகு தனிமனிதர் அன்று. 'துஹெத்' எனப்படும் கூட்டுக்குடும்பம். நிலமும் தென்னையும் பன்றியும் துஹெத்துக்கு உரியவை. நோயும் ஏறத்தாழ அப்படித்தான். 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலையில் கரையோரக் கிராமங்கள் அழிந்தபோது மக்கள் மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்து மீண்டும் ஒன்றுகூடி எழுந்ததும் அந்த அமைப்பின் துணையோடுதான். அத்தகைய ஒருவரைப் பெயர்த்தெடுத்து, மொழி தெரியாத பெருநகரின் வாடகை அறையில் ஒரே ஒரு துணையோடு ஏழு வாரம் வைப்பதை நம் மருத்துவக் குறிப்பேடு பதிவு செய்வதில்லை. மூன்றாம் நான்காம் வாரத்தில் வாயின் உட்தோல் புண்ணாகும், உமிழ்நீர் வற்றும், சுவை மாறும், விழுங்குவது கடினமாகும். அந்த நேரத்தில் சென்னை உணவு விடுதியின் இட்லியும் சாம்பாரும் எதிரே வைக்கப்படும். அந்த அம்மா கேட்டதெல்லாம் தாழைக்கனியை வேகவைத்துப் பிசைந்து செய்யும், தங்கள் ஊர்ப் பண்டம். இளைஞர் இளநீர் மட்டும் வாங்கி வருவார். அதுவும் ஊர் இளநீர் போல இல்லை என்று அவர் முகம் திருப்புவார். அவருக்கு ஏற்பட்ட எடைக்குறைவு கதிரின் பக்க விளைவா, தூரத்தின் பக்க விளைவா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இனி, ஒரு கணக்கு. மக்கள்தொகையில் 10 லட்சம் பேருக்குக் குறைந்தது ஒரு கதிர்வீச்சுக் கருவி வேண்டும் என்பது இந்தியாவில் அடிக்கடி எடுத்தாளப்படும் சர்வதேச அளவுகோல். அந்தமான் நிக்கோபாரின் மொத்த மக்கள்தொகை 2011-இல் 3,80,581. அளவுகோலைப் பொருத்தினால் முழுத் தீவுக்கூட்டத்துக்கும் ஒரு கருவியில் ஐந்தில் இரண்டு பங்குகூடக் கிடைக்காது. கார் நிக்கோபாரின் பங்கு ஒரு கருவியில் ஐம்பதில் ஒன்றுக்கும் குறைவு. கணக்கில் பிழையில்லை. அளவுகோலில்தான் பிழை. அது நிலத்தை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. பக்கத்து மாவட்டத்தின் கருவிக்குப் பேருந்தில் போய் வரலாம் என்ற எண்ணம் அதனுள் ஒளிந்திருக்கிறது. தலை எண்ணிக்கையால் வகுக்கும் எந்த நீதியும் தீவுகளைப் பின்னமாக்கிவிடும்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கார் நிக்கோபாரில் ஒரு கருவியை நிறுவிவிட்டால் தீர்ந்தது என்று நான் வாதிடவில்லை. நேரியல் முடுக்கிக்கு மீட்டருக்கும் மேற்பட்ட கனமுள்ள கற்காரைச் சுவர் வேண்டும். தடையற்ற மின்சாரம் வேண்டும். மருத்துவ இயற்பியலாளரும் பராமரிப்புப் பொறியாளரும் வேண்டும். கோபால்ட் கருவி மின்சாரத்தை அவ்வளவு எதிர்பார்க்காது; பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய பாபாட்ரான் என்ற உள்நாட்டுக் கருவியும் உண்டு. ஆனால் கோபால்ட் 60-இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள். மாதந்தோறும் அதன் வலிமை ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கதிரியக்க மூலத்தைக் கடல் கடந்து மாற்ற வேண்டும். இவை எல்லாம் மிகுந்த நிலநடுக்க அபாயம் கொண்ட மண்டலத்தில். ஆகவே பெருந்தீவில் ஒரு கருவி, சிறுதீவினருக்கு அதனருகில் தங்குமிடம் என்பதே நடைமுறைக்கு நெருங்கிய வழி. அப்போதும் கார் நிக்கோபார்க்காரர் கடலைக் கடக்கத்தான் வேண்டும். ஆனால் 1,500 கிலோமீட்டரை அன்று.

2000-களின் தொடக்கத்தில் இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழித் தொலைமருத்துவம் கார் நிக்கோபாரின் ரிச்சர்ட்சன் மருத்துவமனையையும் போர்ட் பிளேரையும் பெருநிலத்தின் மருத்துவர்களோடு இணைத்தது. எக்ஸ் கதிர்ப் படம் கடல் கடந்தது; மருத்துவரின் சொல்லும் கடல் கடந்தது. நோயறிதலுக்கான கதிர் படமாகி விண்வெளி வழியாகப் பயணம் செய்யும். சிகிச்சைக்கான கதிர் ஓர் அங்குலமும் நகராது. 1895-இன் ஒரே கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த இரண்டு துறைகளும் தூரத்தின் முன்னால் இவ்வளவு வேறுபட்டு நிற்கின்றன.

அப்படியானால் அந்த அம்மாவின் கேள்விக்கு 'முடியாது' என்பதுதான் விடையா? நூறாண்டுக்குப் பிறகு இப்போது அந்த விடை மெல்ல மாறி வருகிறது. எலும்பில் பரவிய புற்றின் வலியைத் தணிக்க 8 கிரே கதிரை ஒரே ஒருமுறை கொடுத்தாலே பல தவணைகளுக்கு நிகரான பயன் கிடைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டுள்ளது. அங்கே விடை, 'ஆம், ஒரே நாளில் முடியும்' என்பதே. மார்பகப் புற்றில் 5 வாரச் சிகிச்சைக்கு ஈடாக 3 வாரமே போதும் என்று பிரிட்டனின் ஸ்டார்ட் ஆய்வுகள் 2008-இல் காட்டின. அதே நாட்டின் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் ஆய்வு 2020-இல் 5 தவணைகளை ஒரே வாரத்தில் முடிப்பதும் இயலும் என்றது. தலை, கழுத்துப் புற்றில் இது கடினம். நாவும் தாடையும் உமிழ்நீர்ச் சுரப்பியும் தண்டுவடமும் நெருங்கி இருக்கும் இடம் அது. ஆனால் அங்கும் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆதரவில் பல நாடுகளில் நடந்த ஹிப்னோ என்ற ஆய்வு, 6 வாரத்தில் 33 தவணைகள் என்பதை 4 வாரத்தில் 20 தவணைகள் என்பதோடு ஒப்பிட்டது. 2023-இல் அறிவிக்கப்பட்ட முடிவுகளின்படி குறுகிய முறை பின்தங்கவில்லை.

இந்த ஆய்வுகளைப் பொதுவாகக் கருவி நேரத்தை மிச்சப்படுத்தும் சிக்கனமாகவே எடுத்துரைக்கிறார்கள். கார் நிக்கோபாரிலிருந்து பார்த்தால் அவற்றின் பொருள் வேறு. இரண்டு வாரம் குறைவது என்றால் துஹெத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகத் திரும்புவது. துணைக்கு வந்த இளைஞர் தம் வேலையை இழக்காமல் இருப்பது. சில நேரங்களில், சிகிச்சையே வேண்டாம் என்று தீவிலேயே இருந்துவிட எண்ணியவர் சரி என்று கப்பல் ஏறுவது. எந்த நோயாளிக்கு எத்தனை தவணை என்பதை அவரவர் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தப் பதிவு அதற்கு மாற்றன்று. ஆனால் 'எத்தனை தவணை' என்ற கேள்விக்குள் 'எத்தனை நாள் வீட்டை விட்டு' என்ற கேள்வியும் இருக்கிறது என்பதை மருத்துவரும் அறிந்திருப்பது நன்று.

தடுக்கக்கூடியதையும் சொல்லாமல் விட முடியாது. பாக்கு புற்றை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே வகைப்படுத்தியது. வெற்றிலை பாக்கு மெல்லும் வழக்கம் நிக்கோபாரிலும் உண்டு, நம்மிடையேயும் உண்டு. வாயில் ஆறாத புண்ணோ வெண்திட்டோ தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால் பல நேரங்களில் சிறு அறுவையோடு முடிந்துவிடும். கதிரும் கடலும் தேவைப்படாமலே போகலாம். ஒரு தீவில் வாயைத் திறந்து பார்க்கும் கை விளக்குக்கு இருக்கும் மதிப்பு, நகரத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மருத்துவ வரலாறுகள் நிறுவனர்களின் பெயராலும் கருவிகளின் ஆண்டாலும் எழுதப்படுகின்றன. நானும் மேலே அப்படித்தான் சில பத்திகள் எழுதியிருக்கிறேன். ஆனால் அடையாறிலோ வேலூரிலோ காத்திருந்தவர்களின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. எங்கிருந்து வந்தார்கள், எங்கே தங்கினார்கள், யார் சமைத்தார்கள், எந்த வாரத்தில் திரும்பிப் போய்விட நினைத்தார்கள், யார் தடுத்தார்கள்? இவற்றுக்கான சான்றுகள் ஆவணக் காப்பகத்தில் இல்லை. மனிதர்களின் நினைவில் இருக்கின்றன. நினைவுகளுக்கும் அரை ஆயுள் உண்டு. ஆய்வுத் தலைப்பு தேடுகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அம்மாவின் கடைசித் தவணை ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. முகத்தை அசையாமல் பிடிக்கும் வலைபோன்ற நெகிழி முகமூடியை மருத்துவமனையில் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். ஏழு வாரமும் அதைக் கண்டு அஞ்சியவர், அன்று அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். எதற்கு என்று இளைஞரிடம் கேட்டேன். "ஊரில் காட்ட வேண்டுமாம் அண்ணா. ஏழு வாரம் எங்கே போனாய் என்று எல்லோரும் கேட்பார்களே."